மூன்றரை டன் இழுக்கும்

“மூண்டரைத் தொன் இழுக்கும் அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும்” என்று குகதாசன் மறுபடியும் சொன்னபோது, ஆறுமுகநயினாருக்கு அந்த ஆளின் டையைப் பிடித்து வண்டியின் பின்கொக்கியிலேயே மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. இழுக்கும். எதுவும்தான் இழுக்கும். இறக்கத்தில் போகும்போது பின்னால் இரண்டு டன் பெட்டி தள்ளிக்கொண்டு வருமே, அப்போது நிற்குமா? அதைக் கேட்டால் பல்லைக் காட்டுவான். மெல்பர்னின் கிழக்கு விளிம்பில், நெடுஞ்சாலையைப் பார்த்து வரிசை வரிசையாகக் கார்களை நிறுத்தி வைத்திருந்த அந்த விற்பனை யார்டில், ஆகஸ்ட் மாதத்துக் குளிர்காற்று கம்பத்தில் கட்டிய கொடிகளைப் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் கோபத்தைக் கிளப்பியது. கண்ணை மூடிக்கொண்டு என்று என்ன பேச்சு. எந்த மடையன் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவான்? கேட்டுவிட்டு மனசு அங்கேயே சிக்கிக்கொண்டது, முள்வேலியில் சட்டை மாட்டுகிற மாதிரி. அந்த மடையன் வேறு யாரும் இல்லை, இங்கேதான் நிற்கிறான், பழைய பஸ் கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு. இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காய்கறி வாங்கிவிட்டுத் திரும்புகையில், சொந்தத் தெருவில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எங்கேயோ போய்விட்டவன். கண் மூடவில்லையாம், திறந்தேதான் இருந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிரமநாயகி டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாள். திறந்த கண்ணால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? அடுத்த வீட்டு லெட்டர் பாக்ஸ் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஆம்புலன்ஸின் வெள்ளைக் கூரை. நடுவில் ஒன்றுமில்லை. இருட்டு கூட இல்லை, இருட்டு இருந்திருந்தால் இருட்டு என்றாவது தெரிந்திருக்கும். தன்னுடைய வாழ்க்கையில் ஒரு துண்டு தன்னிடம் இல்லை, அது அவளிடம் இருக்கிறது. கேட்டால் கொடுக்க மாட்டாள். “ஒண்ணுமில்ல, வண்டி இடிச்சி நின்னுட்டு” என்பாள், ஏதோ கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

இப்போதும் பார், எங்கே நிற்கிறாள். கணவன் ஒருத்தன் இங்கே இழுவை வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான், அவள் இரண்டு வரிசை தள்ளி ஒரு சாம்பல் நிற வண்டியின் கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே எட்டிப் பார்க்கிறாள். அதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற வண்டி. “அதுவும் நல்லா இழுக்கும் அண்ணை, உங்கட காரவனுக்கு அது காணும்” என்று குகதாசன் அந்தப் பக்கம் கை காட்டினான். அவன் யாழ்ப்பாணத்துக்காரன், ஐம்பது வயசு இருக்கும், சளைக்காமல் சிரிக்கிறான். காணும் என்றால் போதும் என்று அர்த்தமாம். போதும் என்றால் போதும் என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே. “எனக்குப் பெரிசுதான் வேணும்” என்றார் நயினார். அந்தப் பெரிய டீசல் வண்டி அவருக்கு முன்னால் கறுப்பாக, யானைக்குட்டி மாதிரி நின்றது. அதைப் பார்த்தவுடன் உள்ளங்கை அரித்தது, அதுதான் உண்மை. “மூன்றரை டன் இழுக்கும்னா, அத்தனையும் பின்னால மாட்டிட்டு வண்டிக்குள்ள எத்தனை கிலோ ஏத்தலாம்? நாலு பேரு உக்காந்தா தாங்குமா? கொக்கி மேல எவ்வளவு பாரம் உக்காரும்? தண்ணி டாங்க் நெறைஞ்சிருந்தா அந்தக் கணக்கு என்ன ஆகும்?” குகதாசனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “அண்ணைக்கு நல்ல அனுபவம் போல” என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நயினாரின் முதுகு நிமிர்ந்தது. நிமிர்ந்த முதுகு அவருக்கே அசிங்கமாக இருந்தது. என்ன அனுபவம்? பஸ் ஒரே கட்டையாகப் போவது. பின்னால் ஒன்றைக் கொளுவிக்கொண்டு ஒரு அடி போனது கிடையாது. படித்தது எல்லாம் படுக்கையில் போனை வைத்துக்கொண்டு, மாத்திரை தருகிற மந்தத்தில்.

அந்தக் காரவன், படுக்கையும் அடுப்பும் வைத்த இழுவைப் பெட்டி, வீட்டு வாசலில் நிற்கிறது, வெள்ளையில் பழுப்புக் கோடு போட்டது. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கூட்டாளி ஒருத்தனைக் கொண்டு இழுத்து வந்து நிறுத்தியது. வேலையை விட்டதும் வடக்கே போக வேண்டும், சிவப்பு மண் பாலைவனத்தைக் கடந்து டார்வின் வரை, அங்கிருந்து மேற்குக் கடல். பஸ்ஸில் ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போனவனுக்கு, ஸ்டாப்பே இல்லாத ரோட்டில் போக வேண்டும் என்று ஒரு வெறி. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு வருஷம் ‘அது’ வராமல் இருந்தால் லைசென்ஸைப் பற்றிப் பார்க்கலாம் என்றான் டாக்டர், அவர் மகனைவிடச் சின்னப் பயல். பத்தாவது மாசம் குளியலறையில் மறுபடி வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணு என்றான். பஸ் இனி வாழ்க்கையில் கிடையாது, காரை அப்புறம் பார்க்கலாம். பார்க்கலாம், பார்க்கலாம். சிட்னியிலிருந்து மகன், “அதை வித்துருங்கப்பா, வாசல் அடைச்சிட்டு நிக்குது” என்றான். போனை வைத்த வேகத்தில் அதன் கண்ணாடி கீறிவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் காரவனைத் தட்டிப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிறார், அவருடைய லெட்டர் பாக்ஸைத்தான் இடித்தது, அவருக்குத் தெரியாதா. கருணையாம். தூ. ஆனால் இது எல்லாவற்றையும்விட மேலே நிற்கிற கோபம் வேறு. ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பிரமநாயகி, “நான் ஓட்டுதேன். போவோம்” என்றாள். அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள். இந்த நாட்டுக்கு வந்ததே அவளுடைய வேலையில், அவளுடைய விசாவில். வந்து இத்தனை வருஷமும் நெடுஞ்சாலையில் ஏற மாட்டேன், பயமாக இருக்கிறது என்றவள். அதற்கடுத்த சனிக்கிழமை சத்தமில்லாமல் எங்கோ போய், காரவன் இழுக்கிறதற்கு என்று சொல்லித் தருகிற இடத்தில் முழு நாளும் நின்று, மூக்கு வெயிலில் சிவந்து வந்து, காபி போட்டுக் கொடுத்தாள். என்ன சொல்லிக் கொடுத்தான் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? பாசஞ்சர் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நயினார் இந்த ஊரின் கடைப் போர்டுகளை எல்லாம் இப்போதுதான் வாசிக்கிறார். இத்தனை பல் டாக்டர்கள், இத்தனை நாய்க் குளிப்பாட்டுக் கடைகள். ரோட்டைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதில்லை.

“அப்ப ஒருக்கா ஓடிப் பாருங்கோவன். அங்காலை எங்கட பழைய காரவன் ஒண்டு நிக்குது, உங்கடை அளவுதான். கொழுவித் தாறன்” என்ற குகதாசன், கையை நீட்டினான். “லைசென்சைத் தாங்கோ, கொப்பி எடுத்துப்போட்டு வாறன். நீங்கள்தானே ஓடுறது?”

“நான் எங்க ஓடுதேன்?” நயினாருக்குச் சுருக்கென்று வந்தது.

“ஐயோ, வாகனம் ஓடுறது அண்ணை.” சிரித்தான். அவர்கள் பாஷையில் ஓட்டுவது இல்லை, ஓடுவதுதான்.

பிரமநாயகி இதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். சொல்வாள் என்று நயினார் காத்திருந்தார். இவர் ஓட்டக் கூடாது, நான்தான் ஓட்டுவேன் என்று இந்த இடத்தில், இந்த ஆள் முன்னால் போட்டு உடைப்பாள். உடைக்கட்டும். உடைத்தால் அவளைப் பிடித்துக் கத்தலாம். அவள் கைப்பையின் வாரைத் தோளில் சரி செய்துகொண்டு சும்மா நின்றாள். பர்ஸைத் திறந்தார். லைசென்ஸ் கார்டு அங்கேதான் இருக்கிறது, அவர்கள் ரத்து செய்தது எங்கோ கம்ப்யூட்டரில், கார்டுக்கு அது தெரியாது, அதில் இருக்கிற முகத்துக்கும் தெரியாது, இன்னும் வருஷக்கணக்கில் செல்லும் என்று போட்டிருக்கிறது. எடுத்து நீட்டினார். குகதாசன் வாங்கிக்கொண்டு போனான், கொடுத்துவிட்டேன் பார்த்தாயா என்று அவளைத் திரும்பிப் பார்த்தார், அவள் வானத்தைப் பார்த்து, “மழை வரும் போல” என்றாள். இந்தப் பொறுமை இருக்கிறதே, இதைத்தான் தாங்க முடியவில்லை. முதியோர் இல்லத்தில் மூத்திரத் துணியை மாற்றிக்கொண்டே ராஜா மாதிரி இருக்கீங்க என்று சொல்கிற பொறுமை. என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டாளா?

பழைய காரவனைப் பெரிய வண்டியின் பின்னால் கொளுவி, சங்கிலி போட்டு, விளக்கு ஒயரைச் செருகி, குகதாசன் சாவியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தான். ஏறி உட்கார்ந்தார். அப்பாடா என்று உடம்பு முழுக்க ஒன்று இறங்கியது. சீட் அவருக்கென்றே தைத்த மாதிரி, நீளக் கால்களுக்கு நல்ல இடம், ஸ்டியரிங் நெஞ்சுக்கு நேராக, ரோடு பஸ்ஸில் தெரிகிற மாதிரியே மேலேயிருந்து தெரிந்தது. கதவை மூடினார். மூடியதும் அந்த வாசனை. புது வண்டியின் பிளாஸ்டிக் வாசனைதான், அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கும் முதலில் வந்தது வாசனைதான். வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு வாசனை. “ஏட்டி, அடுப்புல எதையும் வச்சிட்டு வந்துட்டியா?” என்று அவளை ஏசினார், அதுதான் கடைசி. இப்போது வருவது அதுவா? மூக்கை இழுத்து முகர்ந்தார். பிளாஸ்டிக். இன்னொரு தடவை. பிளாஸ்டிக், அதற்கு அடியில் ஏதோ இனிப்பாக. இருக்கிறதா, நானே உண்டாக்குகிறேனா? பக்கத்துக் கதவைத் திறந்து பிரமநாயகி ஏறினாள், பெல்ட்டைப் போட்டாள், க்ளிக் என்றது. நேரே பார்த்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்துவிட்டாள். தடுக்கவில்லை. இவர் சாவியைத் திருப்பினால் இவரோடு ரோட்டுக்கு வந்துவிடுவாள், எதிரே லாரி வந்தாலும் இப்படியே நேரே பார்த்துக்கொண்டு.

“ஏட்டி, உனக்கு அறிவிருக்கா? சொல்ல மாட்டியா?”

“என்னத்தச் சொல்ல?”

“நான் ஓட்டக் கூடாதுன்னு.”

“உங்களுக்குத் தெரியாததா?” என்றாள்.

ஓங்கி ஸ்டியரிங்கில் அடித்தார், ஹாரன் அலறியது, யார்டு முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கினார். கதவை அறைந்து சாத்தினார். ஓடிவந்த குகதாசனிடம், “நான் ஓட்டலை. எனக்கு வலிப்பு. லைசென்ஸைப் புடுங்கியாச்சு. இவதான் ஓட்டுவா. போதுமா?” என்றார். வலிப்பு என்ற சொல்லை வெளியே வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர்கள் இங்கிலீஷில் வேறு பெயர் சொல்வார்கள், வீட்டில் ‘அது’ என்பார்கள். சொன்னதும் வாய் கசந்தது. குகதாசன் கையிலிருந்த கார்டைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்க்காமல் அதைத் திருப்பிக் கொடுத்தான். “பரவாயில்லை அண்ணை. என்ர மாமாவுக்கும் இருந்தது” என்றான். அதோடு அண்ணை முடிந்தான், இனி எல்லாம் அக்காதான். “அக்கா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. சுத்திவர கமரா இருக்கு. குளிருக்கு சீட் சூடாகும்” என்று அவளுக்கு ஏதோ பொம்மை காட்டுகிற குரலில் சொல்ல ஆரம்பித்தான். சீட் சூடாகுமாம். இவ்வளவு நேரம் டன் கணக்கு பேசியவன்! நயினாருக்கு இப்போது அவளுக்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது. அவளோ, “பின்னாடி உள்ள பிரேக்குக்குத் தனியா திருகு இருக்குமே, அது எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

ஏறி உட்கார்ந்தவள் சீட்டை முன்னால் தள்ளினாள், இன்னும் தள்ளினாள், மேலே உயர்த்தினாள். அப்படியும் கழுத்தை நீட்டித்தான் ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. கால் பிரேக்குக்கு எட்டி எட்டிப் போனது. பக்கத்து சீட்டிலிருந்து அதைப் பார்த்தபோது நயினாருக்குள் ஏதோ ஒன்று இடறியது. காலையிலிருந்து அவர் பார்த்த அத்தனை சீட்டிலும் அவர்தான் உட்கார்ந்து பார்த்தார். கால் நீட்ட இடம் இருக்கிறதா, தலை இடிக்கிறதா. யாருக்கு வண்டி தேடிக்கொண்டிருந்தேன்? வரவே போகாத ஒரு டிரைவருக்கு. அந்த நினைப்பை அவர் அப்படியே நிற்க விடவில்லை, அதற்குள் வண்டி ரோட்டில் ஏறிவிட்டது, அவர் வலது கால் வெறும் மிதியடியில் பிரேக்கைத் தேட ஆரம்பித்துவிட்டது. “கண்ணாடியப் பாரு. அகலமாத் திருப்பு, பொட்டி உள்ள வெட்டும். ஏட்டி, லேன், லேன்!” ரவுண்டானாவை அகலமாகத்தான் சுற்றினாள். சரியாகத்தான் சுற்றினாள். அது இன்னும் எரிந்தது. நெடுஞ்சாலையில் வேகம் ஏறியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பெட்டி கோத்த லாரி ஒன்று வலது பக்கம் அவர்களைத் தாண்டியது, அதன் காற்று முதலில் தள்ளி, அப்புறம் இழுத்தது, பின்னால் காரவன் ஆட ஆரம்பித்தது. நாய் வாலை ஆட்டினால் நாயே ஆடுகிற மாதிரி, வண்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். “பிரேக்க மிதி! மிதிட்டி! பிரேக்க மிதி!” தன் குரல் இப்படிக் கீச்சிடும் என்று அவருக்கே தெரியாது. அவள் மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்தாள். இடது கை விரல் டேஷ்போர்டில் இருந்த சின்னத் திருகைத் தேடி அழுத்தியது. பின்பெட்டியின் பிரேக் மட்டும் பிடித்து இழுத்தது, இரண்டு ஆட்டம், அரை ஆட்டம், நேரானது. மிதித்திருந்தால் கவிழ்ந்திருக்கும். படுக்கையில் போனில் படித்ததில் அதுவும் இருந்தது. தெரிந்துதான் இருந்தது, வாய் மட்டும் வேறு கத்தியது.

முதலில் வந்த ஒதுக்கிடத்தில் ஓரம் கட்டி நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள். மழைத்துளிகள் கண்ணாடியில் விழ ஆரம்பித்தன. நிறுத்திய பிறகும் அவள் கை ஸ்டியரிங்கை விடவில்லை. பயத்தில் என்று நினைத்தார் நயினார். முகத்தைத் திருப்பியபோதுதான் அது பயமில்லை என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அதை அவர் பார்த்ததில்லை. அவருடைய கோபம் எல்லாம் அதன் முன்னால் பிள்ளைகள் காலை உதைத்து அழுவது போல இருந்தது.

“கத்தாதிய” என்றாள். “இனிமே என்கிட்ட கத்தாதிய.”

“நான் உன் நல்லதுக்கு...”

“அன்னைக்கு என்ன நடந்துதுன்னு கேட்டுக் கேட்டு என்னைக் கொன்னியள்லா. சொல்லுதேன், கேட்டுக்கோங்க. வண்டி இடிச்சி நின்னுட்டு. நான்தான் ஹேண்ட் பிரேக்க இழுத்தேன், அதுல என் தோள்பட்டை விலகிட்டு. உங்களுக்கு வெட்டு நின்னு மூச்சு சீரா வந்துது. மெதுவாத் தலையத் திருப்பி என்னையப் பாத்திய. என்னைய அடையாளம் தெரியல உங்களுக்கு.”

நயினார் சீட்டில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“‘அம்மா, உங்களுக்கு அடி பட்டுட்டா?’ன்னு கேட்டிய. ‘பயப்படாதிய, ஒண்ணும் ஆகாது’ன்னிய. நான் தோளப் புடிச்சிட்டு இருந்தேன்லா, அதப் பாத்துட்டு, ‘ரொம்ப வலிக்கா, கொஞ்சம் தண்ணி குடிக்கியளா?’ன்னு கேட்டிய. பொறவு, ‘உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு? நம்பர் சொல்லுங்க, நான் போன் போட்டு வரச் சொல்லுதேன்’ன்னு கேட்டிய.”

மழை கொஞ்சம் வலுத்தது. கண்ணாடிக்கு வெளியே ரோடு கலங்கிப்போய்விட்டது.

“நீ என்ன சொன்ன?” என்று கடைசியில் கேட்டார்.

“என்ன சொல்ல? வந்துருவாருன்னு சொன்னேன்.”

“இத ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“சொன்னா அதுக்கும் கோவப்படுவிய.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டே, “அதுக்கில்ல. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நல்லா இருந்துது. அதான் சொல்லல” என்றாள்.

கோபப்பட வேண்டும் என்று நயினார் தேடினார், அது எப்போதும் இருக்கிற இடத்தில் கையை விட்டுத் தேடினார். இருந்தது, ஆனால் அவள் மேல் இல்லை. அந்த ஆள் மேல். தன் வாயை எடுத்துக்கொண்டு, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் மனைவியிடம் தண்ணி குடிக்கியளா என்று கேட்ட அவன் யார்? எங்கேயிருந்து வந்தான்? அவன் இத்தனை காலமும் உள்ளேதான் இருந்தானா, இருந்தால் ஏன் ஒரு நாளும் வெளியே வரவில்லை? இவள் முதல் குளிர்காலத்தில் ஈரப் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்து நின்றபோது அவன் எங்கே போனான்? அன்றைக்கு நயினார் சொன்னது ஞாபகம் இருந்தது. “பாத்து நடக்க மாட்டியா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” பயந்துபோய்த்தான் சொன்னார், அவள் கை தொங்கிய விதத்தைப் பார்த்து உயிரே போய்விட்டது. ஆனால் வாய்க்கு வந்தது அதுதான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தபோது? என்ன சொன்னேன்? ஏதோ சொல்லியிருப்பேன். வெந்நீர் ஏன் இல்லை என்று யாரையோ ஏசியது மட்டும்தான் வருகிறது. எதிலும் முதலில் வந்து நின்றது கோபம்தான், அது கதவில் நின்றுகொண்டு வேறு எதையும் வெளியே விடவில்லை. அதை முழுக்கப் பிடுங்கி எறிய மூளைக்குள் ஒரு மின்னல் அடிக்க வேண்டியிருந்தது, அதுவும் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து. அந்த ஆளை இவளுக்குப் பிடித்திருந்தது. தெரியாத ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த நல்ல மனுஷனை ஞாபகம் வைத்திருப்பதுபோல வைத்திருக்கிறாள். நயினாருக்கு நெஞ்சு எரிந்தது. அறுபது வயசுக்கு மேல் பொறாமை, அதுவும் யார் மேல்.

“பொறவு, இந்த வண்டி எனக்கு வேண்டாம்” என்றாள் பிரமநாயகி. குரல் பழையபடி ஆகிவிட்டிருந்தது. “மூக்கு எங்க முடியுதுன்னே தெரியல. காலும் எட்டல. அந்தச் சாம்பல் கலருதான் எனக்குச் சரியா வரும். நம்ம பொட்டிக்கு அது காணும்னு அவரே சொன்னாருல்லா.”

பெரிய வண்டியின் கறுப்பு மூக்கில் மழை தெறித்துக்கொண்டிருந்தது. அந்த சீட், அந்த உயரம். வேண்டாம், நான் சொல்வதைக் கேள் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாய் திறந்து, மூடியது. “சரி” என்றார். அது அவருக்கே யாரோ சொன்ன மாதிரி கேட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. கால் மட்டும் சும்மா இருக்கவில்லை, இரண்டு தடவை பிரேக்கை மிதித்தது. யார்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. குகதாசன் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு குடும்பத்துக்கு மூண்டரைத் தொன் சொல்லிக்கொண்டிருந்தான். காரவனை அதன் பழைய இடத்தில், இரண்டு வேன்களுக்கு நடுவில், பின்னால் எடுத்து விட வேண்டும். ரிவர்ஸ்தான் எல்லாவற்றிலும் கஷ்டம், ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் பெட்டி இடது பக்கம் போகும். பிரமநாயகி உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். “நான் இறங்கிப் பாக்கேன்” என்றார் நயினார்.

பின்னால் போய் நின்றார். ஈரத் தரையில் காற்று குளிர்ந்தது. அவள் பார்க்கக்கூடிய இடமாகத் தேடி வலது பக்கம் இரண்டு எட்டு நகர்ந்தார், பக்கக் கண்ணாடியில் அவள் முகம் துண்டாகத் தெரிந்தது, இவரைத் தேடிக் கண்டுபிடித்து நின்றது. கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். ‘வா’ என்றுதான் வர வேண்டும். ஆயிரம் தடவை சொன்ன சொல்தானே, வாட்டி, போட்டி, எடுட்டி. தொண்டையில் வந்து நின்றுகொண்டது. சரி, ‘வாங்க’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்றால் அதுவும் நகரவில்லை. அது அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளின் சொல், அவனிடம் போய்க் கை நீட்ட நயினாருக்கு மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் கையைத் தூக்கியபடி முட்டாள் மாதிரி நின்றார். கண்ணாடியில் அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. மறுபடி கோபம் வந்தது, அவள் காத்திருக்கிறாள் என்று. கோபத்துக்குப் பின்னால் வேறு என்னவோ வந்து முட்டியது. வாய் தானாகத் திறந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தகரத்தைத் தட்டுகிறவர்கள் யாருக்கென்றில்லாமல் சொல்கிற சொல்லைச் சொன்னது.

“வரலாம்” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “வரலாம்... வரலாம்...”

விளக்கு வெள்ளையாக எரிந்தது. வண்டி மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது.